உழவோடு வரும் கொக்குகள்: டெல்டாவில் விலங்குப் படம் எடுப்பதும் மதிப்பிடுவதும்

மேட்டூர் அணையின் தண்ணீர் திருக்கடையூரைச் சுற்றியுள்ள கடைமடை வயல்களுக்கு வந்து சேர்ந்து சேற்றுழவு தொடங்கும் நாட்களில், டிராக்டரின் பின்னால் கூட்டமாக நடந்துவரும் உண்ணிக்கொக்குகளே புதிதாகக் கேமரா வாங்கியவருக்கு எளிதில் வாய்க்கும் படப்பொருள் ஆகின்றன. அந்தக் காட்சியைப் படமாக்க முனைவோர் பெரும்பாலும் டிராக்டரையும் ஓட்டுநரையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு ஒற்றைக் கொக்கை மட்டும் நெருக்கமாகப் பிடிக்கிறார்கள். மனிதத் தடம் படாததே இயற்கை என்ற எண்ணம், புலியும் யானையும் நிறைந்த காட்டுப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால் உழவு கிளறிவிடும் பூச்சிகளுக்காகவும் தவளைகளுக்காகவுமே அப்பறவைகள் அங்கே கூடியிருப்பதால், உழவை நீக்கிய படம் கொக்கின் உருவத்தைக் காட்டுமே தவிர, அது அங்கே வந்த காரணத்தைச் சொல்லாது.

உழவையும் படத்தில் சேர்ப்பதற்கு உலகப் போட்டிகளின் விதியே இடம் தருகிறது. அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பன்னாட்டு ஒளிப்படக் கலைக் கூட்டமைப்பு, இங்கிலாந்தின் ராயல் ஒளிப்படச் சங்கம் ஆகிய மூன்றும் 2014-இல் சேர்ந்து வகுத்த இயற்கைப் பட வரையறை, மனிதக் கூறுகள் படத்தில் இருக்கக்கூடாது என்று பொதுவாகச் சொன்னாலும், மனிதர் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிய கூகை, நாரை போன்றவற்றை எடுத்துக்காட்டாகக் கூறி, அவற்றின் வாழ்க்கைக் கதையில் பிரிக்க முடியாதபடி மனிதக் கூறு கலந்திருந்தால் அதை ஏற்கிறது. நூற்றாண்டுகளாக வாய்க்காலும் வரப்பும் மடையுமாக மனிதக் கையால் உருவான காவிரி டெல்டாவில் இந்த விலக்கே பொதுவிதியாகிவிடுகிறது என்று சொல்லலாம்: எலி பிடிக்கும் ஆந்தை உட்காரட்டும் என்று விவசாயி வயலில் நட்ட குச்சியும், மீன்கொத்தி காத்திருக்கும் மதகுச் சுவரும், கரிச்சான் அமரும் மின்கம்பியும் அந்தந்த உயிரின் வாழ்விடமே ஆகின்றன. அதே வரையறை, ஓரங்களை வெட்டிச் சுருக்குவதை அனுமதித்தாலும், படத்துக்குள் ஒன்றைச் சேர்ப்பதையோ அழிப்பதையோ தடுக்கிறது. ஆகவே பறவையின் பின்னால் ஓடும் கம்பியைக் கணினியில் துடைத்தெடுத்த படம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இயற்கைப் படப் பிரிவில் சேராது. கோயில் யானையோ வண்டிமாடோ கட்டுப்பாடின்றித் தன்போக்கில் வாழும் உயிர் அல்ல என்பதால், அவற்றின் படமும் கானுயிர்ப் படம் என்ற பெயரைப் பெறாது.

சட்டகத்தில் எதை வைப்பது என்று முடிவானபின் ஒளியின் சிக்கல் எழுகிறது, டெல்டாவில் அது கொக்கின் வெண்மையால் மேலும் கடினமாகிறது. கேமராவின் ஒளிமானி எதிரிலுள்ள காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கொண்டே கணக்கிடுவதால், கரிய சேற்றின் நடுவே சிறிதாகத் தெரியும் வெள்ளைப் பறவைக்கு அது தேவைக்கு மேல் ஒளியை அனுமதித்துவிடுகிறது. விளைவாக இறகுகளின் வரிகள் மறைந்து, கொக்கு இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் திட்டு மிஞ்சுகிறது. எக்ஸ்போஷர் காம்பென்சேஷன் என்னும் திருத்த அமைப்பால் ஒளியை ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதியாகும் அளவு வரை, குறைத்தால் இறகு மீளும். மாறாக, வெள்ளைப் பறவையே சட்டகத்தை நிறைத்தால் அதே ஒளிமானி படத்தை இருட்டாக்குமாதலால் அப்போது ஒளியைக் கூட்ட வேண்டும். வரப்பில் நின்றபடி கீழ்நோக்கி எடுப்பதைவிட அமர்ந்து பறவையின் கண்மட்டத்துக்கு இறங்கி எடுப்பது மேலானது; பின்னணி தூரத்துக்குப் போய் மங்குவதோடு, பார்ப்பவரும் அந்த உயிரின் உயரத்திலிருந்தே அதன் உலகத்தைக் காண்கிறார்.

இவை கையேடுகளில் கிடைப்பவை. கையேட்டில் கிடைக்காதது அந்தந்த உயிரைப் பற்றிய அறிவு. நத்தைகுத்தி நாரையின் மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளி, நத்தையை உண்ணும் அதன் வாழ்க்கையோடு தொடர்புடையது. வளர்ந்த பறவையில் மட்டுமே காணப்படும் அந்த இடைவெளி பக்கவாட்டில் நின்று எடுத்தாலன்றிப் புலப்படாது என்பதால், கோணத்தை இங்கே அழகியல் விதியைவிட அலகே தீர்மானிக்கிறது. மடையான் வாய்க்கால் ஓரத்தில் நிற்கும்போது மண்ணோடு மண்ணாகத் தெரிந்து, பறக்கும்போது மட்டும் பளீரென வெண்சிறகை விரிப்பதால், அதன் இயல்பை ஒற்றைப் படத்தில் அடக்குவது அரிது. நிற்கும் படமும் பறக்கும் படமும் அருகருகே வைக்கப்பட வேண்டும்.

இந்த வகைப் பார்வைக்குத் தமிழகத்தில் வலுவான முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் வாழ்நாள் முழுவதும் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றிய பத்தியை எழுதியதோடு, வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே உருவாக்கிய கேமராவில் கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். விலங்கு எங்கே, எப்படி வாழ்கிறது என்று அறிவதற்கான சான்றாகவே அவை பயன்பட்டன. அவருக்கு இருபது ஆண்டு இளையவரும் தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்தவருமான டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) மறுமுனையில் நிற்கிறார்; பன்னாட்டுப் போட்டிகளின் கடுமையில் தேர்ந்த அவருடைய படங்களில் ஒளி, பின்னணி, நொடித் தேர்வு ஆகியவை குறையற்று அமைந்திருக்கின்றன. தொடக்கக்காரர் இருவரிடமும் கற்க வேண்டியது உண்டு என்றாலும், கிருஷ்ணனிடம் தொடங்குவதே நல்லது. கைத்திறன் பயிற்சியால் பின்னர் வந்துசேரும், ஆனால் உயிரின் நடத்தையைக் கவனிக்காமலே படமெடுத்துப் பழகிய கண்ணைத் திருத்துவது மிகக் கடினம்.

படத்தை மதிப்பிடும்போதும் வரிசை இதுவே. கூர்மை போதவில்லை, மூன்றில் ஒரு பங்கு விதி மீறப்பட்டது என்று தொடங்கும் விமர்சனம் தொடக்கக்காரரைக் கருவியின் பக்கமே தள்ளுகிறது. மேற்சொன்ன 2014 வரையறையும், தொழில்நுட்பத் தரம் உயர்ந்திருக்க வேண்டும் என்று கேட்டாலும், படத்தின் அழகைவிட அது சொல்லும் கதைக்கே கூடுதல் எடை தருகிறது. எனவே, இந்த விலங்கு என்ன செய்கிறது, அதைப் படம் காட்டுகிறதா என்று முதலில் கேட்டு, பிறகே ஒளிக்கும் சட்டகத்துக்கும் வருவது பொருத்தமாகும். அப்போது, பார்வை செல்லும் திசையில் இடம் விட வேண்டும் என்னும் விதிகூட, பறவை எதை நோக்குகிறது என்பதைக் காட்டும் வழியாகப் பொருள்பெறுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று, அந்தப் படத்துக்காக உயிர் என்ன விலை கொடுத்தது என்பதாகும். பெருமாளின் தலைமுறையில் கூட்டருகே மறைவிடம் அமைத்துக் குஞ்சுக்கு இரையூட்டும் பறவையை எடுப்பது மதிக்கப்பட்ட வழக்கம். இன்று இந்தியப் போட்டிகள் பலவும் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. குளக்கரை மரத்தில் கூட்டமாகக் கூடு கட்டியிருக்கும் கொக்குகளை ஒருவர் நெருங்கி எழுப்பிவிட்டால், அவை திரும்புவதற்குள் காகங்கள் முட்டைகளைக் கவர்ந்துவிடும், வெயிலில் விடப்பட்ட குஞ்சுகளும் தாங்காது. அப்படி எடுக்கப்பட்ட படம் என்று தெரிந்தால், அதன் ஒளியையும் கோணத்தையும் பற்றிப் பேசாமலே அதை விலக்கிவைப்பது மதிப்பிடுபவரின் கடமை.