பொறி பறந்தால் கூர் ஏறுமா?

கொல்கத்தாவின் மாணிக்தலா சந்தையில் மீன்காரர் ரோகு மீனைப் பொண்ட்டியின் மேல் அழுத்துவார்; அது இரண்டாகப் பிளக்கும். அலகு அசைவதில்லை, மீன்தான் நகர்கிறது. நம் அரிவாள்மணைக்கு வங்காளத்து உறவு இந்தப் பொண்ட்டி.

அரிவாள்மணையோ கத்தியோ, அலகு ஏன் மழுங்குகிறது? விளிம்பு தேய்கிறது, மெல்லிய நுனி மடங்கியும் போகிறது. சாணை பிடிப்பது என்றால், உலோகத்தைச் சுரண்டி, இரு பக்கச் சரிவுகளையும் மறுபடி ஒரே கோட்டில் சந்திக்க வைப்பது.

தெருச் சாணைக்காரரின் சக்கரம் வேகமானது. ஆனால் உலர்ந்த கல்லில் அதிகம் அழுத்தினால் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்துவிடும். ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ் சூட்டின் அடையாளம் அந்த நிறம். அங்கே எஃகு இளகியிருக்கும்; கூர் நிற்காது.

அதனால் புதிதாகப் பழகுபவருக்கு நான் சொல்வது, நனைத்துத் தேய்க்கும் தண்ணீர்க் கல்தான். 1000 கிரிட் சொரசொரப்புள்ள கல் ஒன்றே போதும். நாலு செ.மீ. அகலக் கத்தியின் முதுகை ஒரு செ.மீ. தூக்கினால் கோணம் சுமார் 15 டிகிரி. அதை மாற்றாமல் தேய்த்துக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்தில், முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெல்ல இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது அடி முதல் நுனி வரை வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும்.