ஈரலை எட்டும் முன்னே

மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தையும் வயல் வாய்க்கால்களையும் ஒட்டிய ஈரப்புல்லில் செம்மறிகள் மேய்கின்றன. நன்னீர் நத்தை வாழும் இத்தகைய கரைகளில்தான், அந்த நத்தைக்குள் வளர்ந்து வெளியேறும் ஈரல் தட்டைப்புழு ஆட்டுக்குள் புக வழி பிறக்கிறது. புல்லோடு விழுங்கப்பட்ட இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, வயிற்றறை வழியே ஈரலை நோக்கி ஊர்கிறது. அந்தச் சில நாட்களிலேயே ஆட்டின் கதி முடிவாகிவிடுகிறது என்பதே என் வாதம்.

இயோசினோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் ஓடி வந்து சூழத்தான் செய்கின்றன. புழுவோ தன் மேற்பூச்சை உரித்து உதறுகிறது. நொதிகளைச் சுரந்து பிறபொருளெதிரிகளை வெட்டுகிறது. ஆனால் இந்தோனேசியாவின் மெல்வால் செம்மறி, தெற்காசியாவிலும் பரவியுள்ள ஃபாசியோலா ஜைஜான்டிகா என்ற ஈரல் தட்டைப்புழுவை எதிர்த்து நிற்கிறது. 2007இல் வெளியான ஆய்வில், அதன் வயிற்றறைக் கலங்கள் சூப்பர் ஒட்சைட்டை உமிழ்ந்து இளம்புழுக்களைக் கொன்றன. ஃபாசியோலா ஹெபாட்டிகா என்ற உறவுப்புழுவிடம் அதே கலங்கள் தோற்றன.

மருந்து இருக்கும்போது இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். இப்புழுவுக்குக் கொடுக்கப்படும் டிரைக்ளாபென்டசோல் மருந்துக்கு அடங்காத புழுக்கள் 1990களிலேயே ஆஸ்திரேலியாவில் தென்பட்டன. மருந்து கொடுத்த ஆடு நாளை அதே கரையில் மீண்டும் மேயும். உடலோடு பிறந்த எதிர்ப்போ குட்டிக்கும் இறங்கும். ஆகவே நம் நாட்டுச் செம்மறிகளின் குருதியையும் ஆராய்ந்து பார்ப்பது அவசியம். கலப்பினத்தில் அவை கரைந்துபோகும் முன்பே அதைச் செய்ய வேண்டும்.