தியானத்துக்கும் யோகாசனத்துக்கும் எந்தக் கடிகாரம் நல்லது?



விடிந்தால் பொழுது போவதே தெரியாத வாழ்க்கை நம்முடையது. தண்ணீர் பிடிக்க வேண்டும், மாட்டைக் கவனிக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும், வயலுக்கோ கம்பெனிக்கோ ஓட வேண்டும். "இதுல யோகா செய்ய நேரம் எங்கேங்க இருக்கு?" என்று பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு பக்கத்துத் தாய்மார்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதுதான். பதில் சிறியது: நாளுக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை அளந்து தர வீட்டில் ஒரு கருவி வேண்டும். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இங்கே பார்ப்போம்.

யோகாவுக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு புதிதல்ல. ஸ்ரீ அரவிந்தர் 1910-ஆம் ஆண்டு இங்கு வந்தார். 1926-இல் ஆசிரமம் ஏற்பட்டது. ஜிப்மர் மருத்துவமனையில் 2008-இல் யோக சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் தனி மையம் தொடங்கப்பட்டது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21-ஆம் நாள் உலக யோகா தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று எல்லோரும் சேர்ந்து செய்யும் பொதுப் பயிற்சிக்குச் சுமார் 45 நிமிடம் ஆகும். நம் வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஒரு நாள் 45 நிமிடம் செய்து பிறகு விட்டுவிடுவதைவிட, தினமும் 15 நிமிடம் செய்வதே உடம்புக்கு நல்லது.

கடிகாரம் எதற்கு?

கண்ணை மூடி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு நிமிடம் இருபது நிமிடம் போலத் தோன்றும். "ஆயிடுச்சா, ஆயிடுச்சா" என்று அரைக்கண்ணால் சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தால் மனம் அடங்காது. உலை பொங்குமோ, பஸ் போய்விடுமோ என்ற கவலையும் விடாது. நேரத்தைக் காவல் காக்கும் வேலையைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டால் மனத்துக்கு அந்த வேலை இல்லை.

நம் முன்னோரும் இப்படித்தான் செய்தார்கள். நாழிகை வட்டிலில் தண்ணீர் ஏறுவதையோ இறங்குவதையோ வைத்து நேரம் பார்த்தார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். பகலும் இரவும் சேர்ந்து 60 நாழிகை. ஜப்பான் நாட்டு ஜென் மடங்களில் ஊதுபத்தி எரிந்து முடிவதைக் கொண்டு தியான நேரத்தை அளந்தார்கள். கருவி எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. சத்தம் மென்மையாக இருக்கிறதா? அமைதியாக இருக்கும் உடம்பைத் திடீரென்று "டிர்ர்ர்" என்று உலுக்கினால் நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் சற்று ஏறும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது ஆகாது. தொட்டிலில் தூங்கும் குழந்தையும் விழித்துக் கொள்ளும்.

2. ஐந்து, பத்து நிமிடங்களைச் சரியாகக் காட்டுமா?

3. ஓடும்போது "டிக் டிக்" என்று கேட்கிறதா? சிலருக்கு அந்தச் சத்தம் துணை, சிலருக்கு இடைஞ்சல். கடையிலேயே காதருகில் வைத்துப் பாருங்கள்.

4. வீட்டில் இருக்கும் இருவருமே அதை வைக்கத் தெரிந்து கொள்ள முடியுமா? எழுத்துப் படிக்காதவரும் வைக்கக் கூடியதாக இருந்தால் நல்லது.

5. செலவு எவ்வளவு? மாதா மாதம் பேட்டரி போட வேண்டிய பொருள் மூன்றாம் மாதம் பரணில் ஏறிவிடும்.

எதில் என்ன நன்மை, என்ன குறை?

சாவி கொடுக்கும் டைம்பீஸ்: பழைய வீடுகளில் இன்னும் இருக்கும். பேட்டரி வேண்டாம், கரண்டு வேண்டாம். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. மணி கடுமையாக அடிக்கும். அலாரம் முள்ளை ஐந்து மணிக்கு வைத்தாலும் நான்கு ஐம்பத்தைந்துக்கோ ஐந்து ஐந்துக்கோ அடிக்கலாம். ஆகவே காலையில் எழுப்ப இது போதும், பத்து நிமிடத் தியானத்தை அளக்க இது சரிப்படாது. பேட்டரியில் ஓடும் முள் கடிகாரத்துக்கும் இதே கதைதான். இதைத்தான் பயன்படுத்துவேன் என்றால் அடுத்த அறையில் வையுங்கள், அல்லது தடித்த துண்டில் சுற்றி வையுங்கள். சத்தம் தணியும்.

சமையலறை டைமர்: குமிழைத் திருகி நிமிடத்தில் நிறுத்தினால் ஓடி முடிந்து மணி அடிக்கும். விலை குறைவு, யாரும் வைக்கலாம். ஐந்து நிமிடம் வேண்டுமானால் நேரே ஐந்தில் நிறுத்தாதீர்கள். முதலில் இருபது வரை திருகி, பிறகு ஐந்துக்குத் திருப்பிக் கொண்டு வாருங்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் அப்போதுதான் நன்றாக முறுக்கேறிச் சரியாக ஓடும். எண் காட்டும் பேட்டரி டைமர் இதைவிடத் துல்லியமானது. ஆனால் அதன் "பீப் பீப்" சிலருக்குப் பிடிக்காது.

மணற்கடிகாரம்: சத்தமே கிடையாது, கெட்டுப் போகவும் வழியில்லை. ஆனால் முடிந்தது என்று சொல்ல அதற்கு வாயில்லை. கண் திறந்து செய்யும் ஆசனங்களுக்கு ஏற்றது, கண் மூடிய தியானத்துக்கு ஏற்றதல்ல.

செல்போன்: பட்டன் போனாக இருந்தாலும் அலாரம் இருக்கும். பலவற்றில் நிமிடத்தை இறங்குமுகமாக எண்ணும் வசதியும் உண்டு. தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். மெதுவான மணியோசையைத் தேர்ந்தெடுத்துச் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டால் அழைப்பு வராது, அலாரம் மட்டும் அடிக்கும். கைக்கெட்டாத தூரத்தில் வையுங்கள். பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும்.

ஊதுபத்தி: நேரம் காட்டும் என்பது உண்மை. ஆனால் மூடிய அறையில் அதன் புகை கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் ஆஸ்துமா உள்ளவருக்கும் கெடுதல். சாமிக்கு ஏற்றுவதைக் காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். நேரம் பார்க்க வேறு வழி தேடுங்கள்.

மூச்சும் மணிமாலையும்: எதுவும் வாங்க முடியாதவர்களுக்கு இதுவே போதும். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். மெதுவாக, அடக்காமல், நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டுப் பழகினால் 108 மணிகள் கொண்ட மாலை ஒரு சுற்று முடிய 18 நிமிடம் ஆகும். பாதி மாலைக்கு 9 நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதிச் சந்தையில் டைம்பீஸும் டைமரும் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓட விட்டு, உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒரு தரம் மணி அடிக்க விட்டுக் கேளுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.

கால் மணி நேரத்தைப் பிரிப்பது எப்படி?

கை கால்களை அசைத்துத் தளர்த்த 3 நிமிடம். எளிய ஆசனங்கள் 6 நிமிடம். மெதுவான மூச்சு 3 நிமிடம். சவாசனம் அல்லது அமைதியாக உட்காருதல் 3 நிமிடம். ஆக 15. பழகிய பிறகு கூட்டிக் கொள்ளலாம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே ஆசனம் செய்ய வேண்டும். மணி அடித்ததும் துள்ளி எழக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, நாலைந்து மூச்சு விட்டு, கையூன்றி எழுந்திருங்கள். இரத்தசோகை உள்ளவர்களும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

கடிகாரம் யாருக்கு?

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. கணவன்மார்கள் கவனித்துப் படியுங்கள்.

பல வீடுகளில் ஒரே செல்போன். அது கணவர் சட்டைப் பையில் ஏறி வேலைக்குப் போய்விடும். அவர் காலையில் கதவைச் சாத்திக் கொண்டு தியானம் செய்வார். "அப்பா கண்ணை மூடியிருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று பிள்ளைகளை மனைவி அடக்குவாள். அவள் உட்கார்ந்தால் மட்டும், "ஏம்மா, காபி என்னாச்சு?" என்று குரல் வரும். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்க்கும் உடம்புக்கு ஓய்வு இன்னும் கூடுதலாக அல்லவா வேண்டும்?

ஆகவே வீட்டிலேயே தங்கும் ஒரு சிறிய டைமரை வாங்குங்கள். முதல் 15 நிமிடம் மனைவிக்கு. அது ஓடிக் கொண்டிருக்கும் வரை குழந்தை, அடுப்பு, வாசல் மணி எல்லாம் கணவர் பொறுப்பு. அடுத்த 15 நிமிடம் கணவருக்கு. மாமியார் மாமனார் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "மணி அடிக்கற வரைக்கும் அம்மாவைக் கூப்பிடக் கூடாது" என்று பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் பழகி விடுவார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்ற சண்டைக்கும் இடமிருக்காது, ஏனென்றால் கடிகாரம் யார் பக்கமும் சாயாது.

வீட்டில் இன்னொரு அலாரமும் வையுங்கள். மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிடும் சகோதரிகள் அதைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். இரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களும் மறக்கக் கூடாது. அந்த நேரத்துக்கும் கடிகாரம் மணி அடிக்கட்டும். ஞாபகப்படுத்துவது கணவர் வேலையாகவும் இருக்கலாமே!

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

• கர்ப்பிணிகள் டாக்டரையோ செவிலியரையோ கேட்ட பிறகே ஆசனம் செய்யலாம். வயிற்றை அழுத்தும் ஆசனமும் மூச்சை அடக்குவதும் கூடாது. ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து சவாசனம் வேண்டாம், இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள்.

• பிரசவம் ஆனவர்கள் ஆறு வாரமாவது பொறுங்கள். சிசேரியன் ஆனவர்களும், ஆணோ பெண்ணோ குடும்ப நல அறுவை சிகிச்சை செய்து கொண்டவர்களும் டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும்.

• இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மூச்சை அடக்கும் பயிற்சியும் தலைகீழாக நிற்கும் ஆசனமும் செய்யக் கூடாது.

• "யோகா செய்யறேன், மாத்திரை எதுக்கு?" என்று சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இது உயிருக்கே ஆபத்து.

• யோகாவும் தியானமும் கருத்தடை முறை ஆகா. அடுத்த குழந்தையைத் தள்ளிப் போட விரும்பினால் தக்க முறையைக் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

• பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மெல்லிய ஆசனம் மட்டும் இதற்குப் போதாது. வேகமாக நடப்பதும் வேண்டும்.

• தியானத்தில் உட்காரும்போதெல்லாம் அழுகை வருகிறது, தூக்கம் இல்லை, வாழ்க்கையே வெறுத்துப் போகிறது என்றால் அதை மறைக்காதீர்கள். பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு இது நேரலாம். இது குணமாகக் கூடிய நோய்.

சந்தேகம் எதுவானாலும் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையச் செவிலியரையோ, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகுங்கள். தம்பதியர் இருவரும் சேர்ந்து போங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.

நினைவிற் கொள்ளுங்கள்: விலை உயர்ந்த கடிகாரம் தேவையில்லை. மென்மையாக ஒலிக்க வேண்டும், சரியாக அளக்க வேண்டும், மனைவிக்கும் கணவனுக்கும் சமமாக ஓட வேண்டும். அதுவே நல்ல கடிகாரம்.

படித்து முடித்ததும் இந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள்.