டயட் சோடாவை விட முடியலையா? தலைவலி சில நாள்தான்... பயப்பட வேண்டாம்!

புதுக்கோட்டை,

"சர்க்கரையே இல்லண்ணே, டயட்டுதான். எத்தனை குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

பெட்டிக்கடை வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. வெயிலுக்கு பேர் போன புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரி தொழிலாளி, லாரி டிரைவர், கொத்தனார், ஜவுளிக்கடை ஊழியர் என்று பலருக்கும் மதியம் சில்லென்று ஒரு கூல்டிரிங்க்ஸ் குடித்தால்தான் வேலை ஓடும். அதில் சுகர் வந்தவர்களும், தொப்பை போட்டவர்களும் "டயட்" பக்கம் சாய்ந்து விடுகிறார்கள்.

ஒரு காலத்தில் டயட் கோலா என்றால் டின்னில் அடைத்த பணக்கார சமாச்சாரம். 2025-ம் ஆண்டில் நாட்டின் பல பகுதிகளில் "சர்க்கரை இல்லாத" சிறிய பாட்டில்கள் ரூ.10-க்கே விற்பனைக்கு வந்தன. விலை குறைந்ததால் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். அதன் பிறகு விட நினைத்தாலும் முடிவதில்லை. ஏன்?

2017-ல் நடந்தது என்ன?

கோலாவை கைவிடுவது தமிழ்நாட்டுக்கு புதிது அல்ல. 2017-ம் ஆண்டு ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டபோது, வெளிநாட்டு குளிர்பானங்களுக்கு எதிரான குரலும் சேர்ந்தே ஒலித்தது. வெள்ளையன் தலைமையிலான வணிகர் சங்கங்களின் பேரவையும், விக்கிரமராஜா தலைமையிலான பேரமைப்பும் மார்ச் 1-ந் தேதி முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன.

ஜல்லிக்கட்டு என்றால் உயிரை விடும் மாவட்டம் புதுக்கோட்டை. ஆண்டுதோறும் மாநிலத்தின் முதல் ஜல்லிக்கட்டு கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில்தான் பெரும்பாலும் நடக்கும். அதே 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். மண்ணும் தண்ணியும் நம்முடையது என்ற பேச்சு ஊரெங்கும் சூடாக இருந்த நேரம் அது.

இவ்வளவு வேகம் இருந்தும், நாளடைவில் அதே பாட்டில்கள் மீண்டும் கடை பிரிட்ஜில் வந்து உட்கார்ந்து கொண்டன. கடைக்காரர் எடுத்து வைத்தாலும், குடிப்பவரின் நாக்கும் மூளையும் கேட்டுக்கொண்டே இருந்தால் சரக்கு திரும்பி வரத்தான் செய்யும்.

விட முடியாதது ஏன்?

இதற்கு 3 காரணங்கள் உண்டு.

முதலாவது காபின். டீ, காபியில் இருக்கும் அதே பொருள்தான். 355 மில்லி டயட் கோலா டின்னில் சுமார் 45 மில்லி கிராம் காபின் இருக்கிறது. தினமும் குடித்தால் மூளை அதற்கு பழகி விடும். கிடைக்காத நாளில் தலைவலி, எரிச்சல், சோர்வு வரும். எலுமிச்சை சுவை கொண்ட டயட் பானங்கள் பலவற்றில் காபின் கிடையாது. லேபிளை பார்த்தால் தெரிந்து விடும்.

2-வது இனிப்பு. சர்க்கரை இல்லையே தவிர, இனிப்பு குறையவில்லை. டயட் பானத்தில் சேர்க்கும் அஸ்பார்டேம், சர்க்கரையை விட சுமார் 200 மடங்கு இனிப்பானது. சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு. பாட்டிலில் 950, 951, 955 என்ற எண்கள் இருந்தால் அது செயற்கை இனிப்பு என்று அர்த்தம். 951 என்பதுதான் அஸ்பார்டேம். நாக்கு இந்த இனிப்புக்கே பழகி விட்டால் வெறும் தண்ணி சப்பென்றுதான் இருக்கும்.

3-வது நேரம். சாப்பாட்டுக்கு பிறகு ஒன்று, பஸ் ஏறும் முன் ஒன்று, செட்டு சேர்ந்து நிற்கும்போது ஒன்று. தாகமே இல்லாவிட்டாலும் அந்த நேரம் வந்தால் கை தானாக பிரிட்ஜை திறக்கும்.

படித்தவர், பணக்காரர் என்ற வித்தியாசமும் இதற்கு கிடையாது. அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு நாளைக்கு 12 டயட் கோக் வரை குடிப்பார் என்று அந்நாட்டு பத்திரிகை 2017-ம் ஆண்டு செய்தி வெளியிட்டது.

புற்றுநோய் பயம் உண்மையா?

2023-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அஸ்பார்டேமை "புற்றுநோயை உண்டாக்கும் வாய்ப்பு இருக்கலாம்" என்ற பட்டியலில் சேர்த்தது. உடனே "டயட் சோடா குடித்தால் கேன்சர்" என்று செல்போனில் தகவல் பறந்தது.

ஆனால் அந்த பட்டியலுக்கு அர்த்தம், ஆதாரம் இன்னும் போதவில்லை என்பதுதான். அதே நாளில் மற்றொரு நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினமும் 40 மில்லி கிராம் வரை பாதுகாப்பான அளவு என்ற பழைய வரம்பை மாற்ற தேவை இல்லை என்று கூறியது. 70 கிலோ எடை உள்ளவர் இந்த வரம்பை தாண்ட வேண்டும் என்றால் ஒரே நாளில் 9 முதல் 14 டின்னுக்கு மேல் குடிக்க வேண்டும். ஆகவே இதுவரை குடித்தவர்கள் பீதி அடைய தேவை இல்லை. பினைல்கீட்டோனூரியா என்ற அபூர்வமான பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேம் பக்கமே போகக்கூடாது.

அதற்கு 2 மாதம் முன்பு, மே மாதம் வந்த இன்னொரு அறிவிப்பை பலர் கவனிக்கவில்லை. உடல் எடையை குறைக்க செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம், நீண்ட காலத்துக்கு அதனால் பலன் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அதில் கூறியது. அதாவது தொப்பை குறையும் என்று வருடக்கணக்கில் டயட் குடிப்பதில் அர்த்தம் இல்லை.

பல்லுக்கும் இது நல்லதல்ல. சர்க்கரை இல்லாவிட்டாலும் கோலாவில் பாஸ்போரிக் அமிலம் இருக்கிறது. நாள் முழுக்க வாயில் வைத்து உறிஞ்சினால் பல்லின் மேல்பூச்சு கரையும்.

திடீர்னு நிறுத்தினால்...

"இன்னையோட நிறுத்திட்டேன்" என்று சபதம் போடுபவர்கள் மறுநாளே தோற்பதற்கு காரணம் தலைவலி. காபினை ஒரேயடியாக நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். முதல் 2 நாள் கடுமையாக இருக்கும். அதிகபட்சம் 9 நாளில் அடங்கி விடும். "டயட் குடிக்காததால்தான் உடம்பு கெட்டுப்போச்சு" என்று நினைத்து மறுபடியும் பாட்டிலை திறப்பவர்களே அதிகம்.

இதை தவிர்க்க படிப்படியாக குறைப்பதே வழி:

* தினமும் 4 பாட்டில் குடிப்பவர் முதல் 4 நாள் 3 ஆக்கலாம். அடுத்த 4 நாள் 2, பிறகு 1. சுமார் 2 வாரத்தில் முழுதாக நிறுத்தி விடலாம்.

* முதலில் சாயங்காலத்துக்கு பிறகு குடிப்பதை வெட்டுங்கள். குடித்து 5 மணி நேரம் ஆனாலும் பாதி காபின் உடம்பில் இருக்கும். தூக்கம் கெடுவதற்கு அதுவும் காரணம்.

* தலைவலி தாங்க முடியாவிட்டால் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ குடிக்கலாம். வழக்கமாக குடிக்கும் டீயை அந்த வாரத்தில் குறைக்காதீர்கள்.

* வீட்டு பிரிட்ஜில் 2 லிட்டர் பாட்டில் வாங்கி வைக்கக்கூடாது. இருந்தால் தீரும் வரை கை போகும்.

* குடிக்கும் நேரத்தில் வெறும் வாயோடு நிற்காமல் வேறு ஒன்றை கையில் எடுக்க வேண்டும்.

பதிலுக்கு எது?

தொண்டையில் சுர்ரென்று ஏறும் அந்த கேஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு கோலி சோடா இருக்கிறது. சாதா சோடாவில் சர்க்கரையும் இல்லை, காபினும் இல்லை. எலுமிச்சை பிழிந்து குடித்தால் பாதி ஏக்கம் தீர்ந்து விடும். பி.பி. உள்ளவர்கள் உப்பு போடாமல் கேட்டு வாங்க வேண்டும்.

வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மண்பானை தண்ணியும், நீர்மோரும் போதும். வீட்டில் இருந்தே ஒரு பாட்டில் மோர் கொண்டு போனால் செலவும் மிச்சம். கோடையில் நுங்கு கிடைக்கும்.

இளநீருக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சம் இல்லை. கீரமங்கலம், ஆலங்குடி, வடகாடு வட்டாரம் தென்னைக்கு பேர் போனது. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயலில் அங்கே தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. பிறகு கன்று நட்டு, வருடக்கணக்கில் காத்திருந்து மீண்டவர்களின் இளநீர்தான் சாலையோரம் வருகிறது. கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் டாக்டரை கேட்டுவிட்டே இளநீர் குடிக்க வேண்டும். அதில் பொட்டாசியம் அதிகம்.

சுகர் உள்ளவர்கள் உஷார்!

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டயட்டை விட்டுவிட்டு சாதா கோலா, பன்னீர் சோடா, சர்பத், ஜூஸ் என்று மாறினால் நிலைமை மோசமாகி விடும். 300 மில்லி சாதா கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. டீஸ்பூன் கணக்கில் 7-க்கு மேல். உள்ளூர் கம்பெனி என்பதற்காக கலர் பானத்தில் சர்க்கரை குறைந்து விடாது. பானகத்தில் வெல்லமும், பதநீரில் இயற்கை சர்க்கரையும் உண்டு. சுகர் உள்ளவருக்கு சாதா கோலாவை விட டயட் எவ்வளவோ மேல் என்பதே உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் மே மாத அறிவிப்பும் ஏற்கனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு பொருந்தாது என்று தெளிவாக சொல்கிறது.

அவர்கள் தண்ணி, மோர், சாதா சோடா என்று மாறுவதே பாதுகாப்பு. டயட் குடிக்கிறோம் என்ற தைரியத்தில் மாத்திரையையோ, பரிசோதனையையோ விட்டுவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், முள்ளூரில் உள்ள புதுக்கோட்டை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியிலும் சுகர் பார்த்துக் கொள்ளலாம். 2021-ம் ஆண்டு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகர், பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

தினம் 4 பாட்டில், ஒன்று ரூ.10 என்று வைத்தாலும் மாதம் ரூ.1,200. வருடத்துக்கு ரூ.14 ஆயிரத்தை தாண்டும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் நோட்டு, பேக், செருப்பு வாங்க கடன் தேடும் வீடுகளுக்கு இது சின்ன பணம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.