வந்து வந்து போகும் கியர்க் கோளாறு



காரில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் கோளாறைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமன்று. வண்டி நகரவில்லை என்றால் நகரவில்லை. பட்டறைக்காரரும் அதைக் கண்ணால் காண்கிறார். தொல்லை கொடுப்பது, வந்து வந்து போகும் கோளாறுதான். மாலையில் ஜொகூர் பாருவிலிருந்து உலு திராமுக்குத் திரும்பும்போது, தெப்ராவ் நெடுஞ்சாலை நெரிசலில் கார் உறுமுகிறது. எஞ்சின் சுற்று ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை. மறுநாள் காலை பட்டறைக்குக் கொண்டுபோனால் அதே கார் பசுப்போல நடந்துகொள்கிறது. பட்டறைக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லையே!" என்கிறார். மூன்றாம் முறை போகும்போது, "கியர்ப் பெட்டியையே மாற்றிவிடலாம்" என்கிறார். அதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். கார் பழையது என்றால், அதன் விலையில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்தாக வேண்டும். சும்மா விட்டுவிடலாம் என்றாலோ, கோத்தா திங்கி சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்தும் நேரத்தில் கியர் நழுவினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய கோளாற்றை எப்படி அணுகுவது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம். நாமே பெட்டியைக் கழற்றிப் பழுதுபார்ப்பதற்காக அன்று. பட்டறைக்குப் போகுமுன் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதை நமக்காக வேறு எவரும் செய்ய முடியாது.

அந்தக் காலத்தில் தோட்டங்களில் மலேரியாவை முறைக்காய்ச்சல் என்றார்கள். பெயரே நோயைச் சொல்லிவிடுகிறது: ஒரு முறை வைத்து வரும், போகும். காய்ச்சல் இல்லாத வேளையில் நோயாளியைத் தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்தே இருக்கும். ஆகவே எந்த நாளில், எந்த நேரத்தில் குளிர் கண்டது என்று கேட்பதே முதல் கேள்வி. கியர்ப் பெட்டிக்கும் அதே கேள்விதான். கோளாறு எப்போது வருகிறது?

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பது விளங்க, பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்றால் மற்றதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே உள்ள இணைப்பு அதுதான். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் கருதியது கப்பலுக்காக. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் நிறுவனம் தனது 1940ஆம் ஆண்டுக் கார்களில் முழுத் தானியங்கிக் கியரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்த இணைப்புக்கு அப்பால் பல்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடிக்கவும் விடவும் கிளட்ச்சுத் தட்டுகளும் உள்ளன. தட்டுகளை அழுத்துவது எண்ணெயின் அழுத்தம். ஒரு பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. வயலில் வாய்க்கால் மடையைத் திறந்து அடைப்பதுபோல, சிறு சிறு வால்வுகள் அதை இந்தத் தட்டுக்கும் அந்தத் தட்டுக்கும் திருப்பிவிடுகின்றன. முற்காலப் பெட்டிகளில் மடை திறப்பதும் எண்ணெயின் வேலையாகவே இருந்தது. இன்றைய கார்களில் ஒரு சிறு கணினி அதைச் செய்கிறது. காரின் வேகம், பெட்ரோல் மிதியின் நிலை, எண்ணெயின் வெப்பம், கியர்க் கோல் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சென்சார்கள் அதற்குச் சொல்ல, அது சோலினாய்டு எனப்படும் மின்காந்த வால்வுகளுக்குக் கட்டளை இடுகிறது. ஆகவே ஆட்டோ கியர் என்பது பாதி எண்ணெய், பாதி மின்சாரம். கியர்ப் பெட்டி கெட்டுவிட்டது என்று நாம் நினைக்கும் பல வேளைகளில் இரும்பு ஏதும் கெட்டிருப்பதில்லை.

இனி, அந்த 'எப்போது' என்ற கேள்விக்கு வருவோம். காலையில் குளிர்ந்திருக்கும்போது மட்டும், கோலை 'டி'யில் போட்டபின் இரண்டு மூன்று விநாடி தாமதித்து, 'டக்' என்று ஓர் இடியோடு கியர் விழுகிறதா? எண்ணெய் குறைந்திருக்கலாம், அல்லது உள்ளே ரப்பர் வளையங்கள் வயதாகி இறுகியிருக்கலாம். வெப்பம் ஏறியதும் அவை சற்று இளகி மீண்டும் அடைத்துக்கொள்வதால், கால்மணி நேரத்தில் கோளாறு மறைந்துவிடும். மாறாக, ஒருமணி நேர நெரிசலுக்குப் பிறகுதான் நழுவுகிறதா? சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போய் அழுத்தம் குறைகிறது என்று ஐயப்படலாம். சூடேறியதும் சோலினாய்டின் கம்பிச் சுருளில் தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. ஆறினால் தொடர்பு திரும்பிவிடும். கடற்பாலத்தில் நகர்ந்து நகர்ந்து சிங்கப்பூர் போய்வரும் வண்டிகளுக்கு இந்தச் சூடு அன்றாடச் சோதனை. வளைவில் திரும்பும்போதும் மேட்டில் ஏறும்போதும் மட்டும் வருகிறது என்றால், எண்ணெய் மட்டத்தை முதலில் பாருங்கள். எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்து, பம்பு காற்றை உறிஞ்சியிருக்கும்.

மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், மிதியை இலேசாக அழுத்தியபடி போகும்போது, கல்பதித்த சாலையில் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் வருவதைச் சிலர் கூறுவர். அந்த வேகத்தில் எஞ்சினையும் கியரையும் நேராகப் பூட்டும் ஒரு கிளட்ச்சு உண்டு. அது சரியாகப் பிடிக்காமல் வழுக்கினால் இந்த நடுக்கம் தோன்றும். பழைய எண்ணெயே அதற்குப் பெரும்பாலும் காரணம். ஆனால் இங்கே ஏமாறுவது எளிது. எஞ்சினில் ஒரு பற்றவைப்புக் காயில் பலவீனமாக இருந்தாலும் இதே நடுக்கம் வரும். ஆளரவம் இல்லாத நேரான சாலையில், வேகத்தை மாற்றாமல் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். பல கார்களில் பிரேக்கைத் தொட்டதும் அந்தப் பூட்டு விடுபடும். நடுக்கமும் உடனே நின்றால் குற்றம் பூட்டின் பக்கம். நிற்காவிட்டால் எஞ்சினைப் பாருங்கள்.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அளவுக்கோல் உள்ள பெரும்பாலான கார்களில், எஞ்சினைச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, கோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை கொண்டுபோய், 'பி'யில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். சில கார்களில் எஞ்சினை அணைத்த பிறகு பார்க்க வேண்டும். இதில் காரோடு வந்த கையேடு சொல்வதே சட்டம். அளவுக்கோலே இல்லாத கார்கள் இன்று நிறைய. அவற்றைப் பட்டறையில் தூக்கி நிறுத்தித்தான் பார்க்க முடியும். எண்ணெய் குறைவாக இருப்பதைப் போலவே மிகுந்திருப்பதும் கெடுதல். நுரைத்துப் போய் அழுத்தம் நிற்காது.

ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். புது எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பாக இருக்கும். பழுப்பேறுவது வயது. கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் கிளட்ச்சுத் தட்டு கருகியிருக்கிறது. ரோஸ் பால்போலக் கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் ஓட்டையாகியிருக்கலாம், அல்லது வெள்ளம் புகுந்திருக்கலாம். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை இந்த வட்டாரத்தில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெட்டி மூச்சுவிடுவதற்கென்று மேலே ஒரு சிறு துளை இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகவும் இறங்கும். காகிதம் போன்ற உராய்வுப் பூச்சைத் தட்டில் பிடித்துவைத்திருக்கும் பசையைத் தண்ணீர் இளக்கிவிடும். வெள்ளத்தில் நின்ற காரை, தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதே" என்று ஓட்டிப் போனால், கோளாறு சில வாரம் கழித்து, முதலில் வந்து வந்து போவதாகத்தான் தலைகாட்டும்.

எண்ணெயின் வகையும் முக்கியம். எல்லாம் சிவப்பு எண்ணெய்தானே என்பது தவறு. 2011ஆம் ஆண்டில் வந்த புரோட்டோன் சாகா எஃப்.எல்.எக்ஸ். காரில், பெல்ஜியத்தின் பஞ்ச் பவர்டிரெய்ன் நிறுவனத்தின் சி.வி.டி. பெட்டி பொருத்தப்பட்டது. அதில் தட்டையான எஃகுப் பட்டை ஒன்று இரண்டு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. 2019ஆம் ஆண்டில் சாகா, ஹுண்டாய் நிறுவனத்தின் நான்கு கியர்ப் பெட்டிக்கு மாறியது. பெயர் ஒன்று, கார் ஏறக்குறைய ஒன்று, எண்ணெய் வேறு. சாகாவுக்கு எண்ணெய் என்று மட்டும் கடையில் கேட்டால் போதாது.

எண்ணெயும் மின்சாரமும் ஒன்றையொன்று எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. 2013ஆம் ஆண்டு நவம்பரில் வோக்ஸ்வேகன் நிறுவனம், ஏழு கியர் கொண்ட ஒரு வகைப் பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்து, நின்று நின்று போகும் போக்குவரத்தும் உள்ள நாடுகளில், அப்பெட்டியில் இருந்த செயற்கை எண்ணெய் மின்சுற்றில் கோளாறு உண்டாக்கக்கூடும் என்று கண்டார்கள். வெப்பம், ஈரம், நெரிசல் என்ற மூன்றும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. தீர்வு என்ன தெரியுமா? செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெயை ஊற்றினார்கள்.

என்னோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் கார், திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். எஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினால் சரியாகிவிடும். ஒரு பட்டறையில் மூன்று தடவை பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. வேறொரு பட்டறையில் பெட்டியை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. "டீச்சர், அவசரப்படாதீர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்" என்றேன். தேதி, நேரம், கிளம்பி எத்தனை நிமிடம், மழையா வெயிலா, மேடா சமதரையா, விளக்குப் பலகையில் என்ன தெரிந்தது என்று கோடு போட்டு எழுதிவந்தார். ஐந்து வாரத்தில் ஏழு முறை கோளாறு வந்தது. ஏழும் மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில்! ஏழு முறையும் பலகையில் 'டி' என்ற எழுத்து அணைந்துபோயிருந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்த மெக்கானிக் பெட்டியைத் தொடவேயில்லை. கோலின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் சுவிட்சின் இணைப்பைப் பிடுங்கிக் காட்டினார். பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டதுபோல உள்ளே பச்சைக் களிம்பு. எந்தக் கியரில் இருக்கிறோம் என்று தெரியாமல் போன கணினி, பெட்டியைக் காப்பாற்றுவதற்காக ஒரே கியரில் பூட்டிவைத்திருக்கிறது. இணைப்பை மாற்றியதோடு வேலை முடிந்தது.

எல்லாருக்கும் இப்படி மலிவாக முடியும் என்று நான் சொல்ல வரவில்லை. கருகிய தட்டுக்கு நோட்டுப் புத்தகம் மருந்தாகாது. ஆனால் மலிவானவற்றை முதலில் பார்த்துவிடுவதில் நட்டம் ஏது? பேட்டரி பலவீனமாக இருந்தாலும், அதன் தரைக்கம்பி துருப்பிடித்திருந்தாலும் கணினி தடுமாறும். தோட்டத்து வீடுகளில் எலி வேறு இருக்கிறது. எஞ்சினின் இளஞ்சூட்டுக்காக வந்து படுத்து, கம்பியைக் கொறித்துவைக்கும். பாதி அறுந்த கம்பி, வண்டி குலுங்கும்போது மட்டும் விடுபடும்.

கணினி தான் கண்ட குறையை எண்ணாகக் குறித்துவைக்கும். ஸ்கேனர் என்ற கருவியால் அதைப் படிக்கலாம். எனவே பட்டறைக்குப் போகுமுன் பேட்டரியைக் கழற்றி மாட்டாதீர்கள். அந்தக் குறிப்பு அழிந்துபோகக்கூடும். அந்த எண் குறை எந்தச் சுற்றில் என்று சொல்லுமே தவிர, எந்த உறுப்பை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. சோலினாய்டுச் சுற்றில் குறை என்று எண் வந்தால், சோலினாய்டும் கெட்டிருக்கலாம், அதற்குப் போகும் கம்பியும் கெட்டிருக்கலாம். எண்ணைப் பார்த்தவுடனே உறுப்பை வாங்கிவரச் சொல்லும் பட்டறையில், கம்பியைச் சோதித்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். கோளாறு வரும் நேரத்திலேயே மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவது எல்லாவற்றினும் மேல். சூட்டில் வருவதைச் சூட்டில்தான் காட்ட வேண்டும்; காலை எட்டு மணிக்குப் போய்ப் பயனில்லை.

கடைசியாக ஒன்று. கார் வழியில் அடியோடு நின்றுவிட்டால், கயிறு கட்டி இழுத்துப் போகாதீர்கள். எஞ்சின் ஓடினால்தான் பம்பு எண்ணெய் தள்ளும். எஞ்சின் நின்ற நிலையில் இயங்கு சக்கரங்கள் தரையில் உருண்டால், பெட்டியின் உறுப்புகள் எண்ணெய் இல்லாமல் உராயும். முன்சக்கரம் இயங்கும் காரானால் முன்சக்கரங்களைத் தூக்கி இழுக்கச் சொல்லுங்கள்; நான்கு சக்கரமும் மேலேறும் லாரி கிடைத்தால் இன்னும் நல்லது.