சிம்னிக்கு மரச்சட்டை போடுமுன்

தேக்கு நிலை, தேக்கு அலமாரி, பூஜை அறைக் கதவில் வரிசையாக மணிகள் என்று வீட்டையே பார்த்துப் பார்த்து இழைத்திருப்பார்கள். சமையல்கட்டுக்குள் நுழைந்தால் அடுப்புக்கு மேலே ஒரு எஃகுப் பெட்டி, அதிலிருந்து கூரை வரைக்கும் ஒரு எஃகுக் கழுத்து. கல்யாண மண்டபத்துச் சமையலறை ஞாபகம்தான் வரும். அதனால்தான் ஆசாரியைக் கூப்பிட்டு, “இதுக்கு ஒரு மரச்சட்டை போட முடியுமா?” என்று கேட்கத் தோன்றுகிறது. முடியும். சிம்னியில் எந்த இடத்துக்கு மரம் ஆகும், எந்த இடத்துக்கு ஆகாது என்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். செராமிக் தொழிற்பேட்டை இருக்கிற ஊர்; பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவே இங்கே ஒரு அரசுப் பயிலகம் உண்டு. பழைய மெயின் போர்டில் இருக்கும் வெள்ளைக் கிட்காட் பியூஸ் போனால், அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கம்பி உருகி அறுந்து, கரிக்கோடு விழுந்திருக்கும். பீங்கானைத் துணியால் துடைத்தால் பழையபடி வெள்ளை. 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்த பொருளுக்கு நம் அடுப்புச் சூடு ஒரு பொருட்டே இல்லை. மரம் சுமார் 250, 300 டிகிரியில் பற்றிக்கொள்ளும். தீப்பிடிக்காவிட்டாலும் தினமும் சூடு பட்டால் காய்ந்து, கறுத்து, வெடிப்பு விடும். ஆகவே நெருப்பைப் பார்க்கிற முகம் எஃகாகவோ பீங்கானாகவோ இருக்கட்டும். நம்மைப் பார்க்கிற முகத்தில் மரத்தை வைத்துக்கொள்ளலாம்.

கூம்பு வடிவச் சிம்னியில் மூன்று பாகம். வடிகட்டி இருக்கும் வாய், மோட்டார் இருக்கும் வயிறு, குழாயை மறைக்கும் கழுத்து. வாயின் அடிப்பக்கத்தில் மரம் கூடவே கூடாது. கழுத்தை முழுதாக மரப்பெட்டியால் மூடலாம். வயிற்றின் முகப்பில் இரண்டங்குலப் பட்டையாக ஒரு பீடிங் ஓட்டலாம். சாய்ந்த கண்ணாடி முகம் உள்ள மாடல் என்றால் கழுத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடிக்கு மேல் மரத்தை ஒட்டினால் மாப்பிள்ளை கோட்டுக்கு மேல் மேல்துண்டு போட்ட மாதிரிதான் இருக்கும்.

அடுத்து உயரம். கேஸ் அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே 65 முதல் 75 சென்டிமீட்டர் விடச் சொல்வது நம் ஊர் வழக்கம். அந்த அளவு எஃகுச் சிம்னிக்குச் சொன்னது, மரத்துக்கு இல்லை. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகளில், பாதுகாப்பு இல்லாத மரத்துக்கும் அடுப்புக்கும் இடையே 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர், இருக்க வேண்டும் என்று இருக்கிறது. நாமும் அதையே வைத்துக்கொள்வோம். டேப்பை மேடையிலிருந்து பிடிக்காதீர்கள். அடுப்பின் மேல், பாத்திரம் உட்காரும் கம்பியிலிருந்து பிடித்து, மரத்தின் ஆகக் கீழ் விளிம்பு வரை அளக்க வேண்டும்.

சூட்டைவிட எனக்குப் பெரிய கவலை எண்ணெய்தான். வடை சுடும்போதும் கடுகு தாளிக்கும்போதும் எழும் எண்ணெய்ப் புகையில் ஒரு பங்கு சிம்னிக்குத் தப்பி வெளியே வரும். வந்து, குளிர்ச்சியாக இருக்கும் இடத்தில் படியும். படிந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகிப் பிசின் ஆகிவிடும். மரத்துக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் காய்ந்து படலமாவதும் இதே வேலைதான். சூரியகாந்தி எண்ணெய் இப்படிச் சீக்கிரம் பிசுபிசுக்கும், கடலை எண்ணெய் அதைவிடக் குறைவு, தேங்காய் எண்ணெய் அநேகமாக இறுகுவதே இல்லை. இந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே வி.ஆர்.ஐ. நிலக்கடலை ரகங்கள் இருப்பதால் கடலை எண்ணெய்க்கு நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அலமாரிக் கதவைத் தடவிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

ஆகையால் மரத்தில் நெளிவு சுளிவு குறைய வேண்டும். விளிம்பை உருட்டி இழைத்த, பள்ளம் இல்லாத பட்டை போதும். ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். சித்திர வேலைப்பாடு வேண்டும் என்று ஆசையா? நமக்கு மேற்கே கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்கு 2020-இல். அங்கிருந்து ஒரு யாளியோ பூங்கொடியோ வாங்கி வாருங்கள், ஆனால் கூரையை ஒட்டி, கழுத்தின் உச்சியில் வையுங்கள். வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் ஆறே மாதத்தில் யாளியின் பல்லிடுக்கெல்லாம் பிசுக்கு ஏறி, பல்குச்சியோடு நிற்க வேண்டியிருக்கும்.

எந்த மரம்? தேக்கு அதிகம் அசையாது, அதனால் முதலிடம். பக்கத்துப் பண்ருட்டிப் பலாவும் நல்ல மரம். மிருதங்கத்துக்கே போகிறது. அறுத்த புதிதில் மஞ்சளாக இருந்து, வருஷம் போகப் போகப் பழுப்பேறும். அந்த மாற்றம் பிடிக்காதவர்கள் பலாவை எடுக்க வேண்டாம். பெட்டிக்குப் பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் ரகம் அது. எம்.டி.எஃப். பலகை இட்லிக் குண்டான் ஆவிக்கே ஊதிவிடும். மேல்பூச்சுக்குப் பாலியூரித்தேன் தேவலை. அரக்குப் பாலிஷ் சூட்டில் இளகும்.

மரம் அகலவாட்டில் ஐப்பசி மழைக்கு விரியும், அக்னி நட்சத்திரத்தில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவு அசையாது. அதனால் அகலப் பலகையை நாலு பக்கமும் இறுக்கி அடித்தால் எங்கேயாவது கீறல் விழும். ஸ்குரூ துளையைப் பலகையின் அகலவாட்டில் கொஞ்சம் இழுத்துப் போட்டால் மரத்துக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

பெட்டியைச் சிம்னியின் உடம்பில் முடுக்கக் கூடாது. சுவரில் ரீப்பர் சட்டம் அடித்து, அதில் மாட்டுங்கள். சட்டத்துக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற காற்றிடம் இருக்கட்டும். ஆசாரி சில சமயம் பெட்டி ஒல்லியாக வரவேண்டும் என்று குழாயையே சுருக்கச் சொல்வார். சம்மதிக்காதீர்கள். ஆறங்குலக் குழாய் நாலங்குலமானால் காற்று போகும் வாசல் பாதிக்கும் கீழே போய்விடும். சுந்தரர் இந்த ஊர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது சிவன் கணக்கு. குழாயைச் சுருக்கிவிட்டு மோட்டாரில் இழுவையைத் தேடினால் நமக்குக் கிடைக்காது.

எங்கள் வீட்டில் முதலில் செய்த பெட்டியை ஆசாரி ஃபெவிகால் போட்டு, ஆணியும் அடித்து, ஒரே வார்ப்பாக முடித்துக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு லட்சணம். இரண்டாம் வருஷம் மோட்டார் உறுமத் தொடங்கியது. சிம்னி மெக்கானிக் வந்தார், சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார், பையிலிருந்து உளியை எடுத்தார். தேக்கு பிளக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இப்போதுள்ள பெட்டியின் முன்பலகை நாலே ஸ்குரூவில் நிற்கிறது.

மரத்தின் கீழ் விளிம்புக்கு ஒரு எஃகு எல்-பட்டி கட்டுங்கள். மேடைக்கும் சிம்னிக்கும் இடையிலுள்ள சுவருக்குப் பீங்கான் ஓடு பதியுங்கள். வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் கேஸை மூடி, சிம்னி விசிறியையும் நிறுத்தி, வாணலியை மூடி போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. விசிறி ஓடிக்கொண்டிருந்தால் தீயை மேலே இழுக்கும், அங்கே நீங்கள் ஆசையாக வைத்த மரம் இருக்கிறது.