கயாக் வரைய லேப்டாப் போதும்... ஆனா, பிரின்ட் போடும்போது இதைக் கவனிங்க!

மரத்தில் கயாக் செய்யும் வீடியோவைப் பார்த்துட்டு, 'நாமளும் ஒண்ணு செஞ்சா என்ன?'னு தோணியிருக்கா? மரத்தை வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. அதுக்குப் பேர் 'லாஃப்டிங்'. படகின் வளைவுகளை நிஜ அளவில் வரைவது. டெய்லர் துணியில் கை வைக்கும் முன் பேப்பர் கட்டிங் போடுவார் இல்லையா, அதேதான்!

தரையில் வரைந்த காலம்

படகுப் பட்டறைகளின் மேல்தளத்தை ஆங்கிலத்தில் 'லாஃப்ட்' என்பார்கள். அந்தத் தரையில் புள்ளி வைத்து, வளையும் மெல்லிய மரச்சட்டத்தைப் புள்ளிகள்மேல் பொருத்தி, நகராமலிருக்க ஈய எடைகளை வைத்துக் கோடு இழுப்பார்கள். அந்தச் சட்டத்தின் பேர் 'ஸ்ப்லைன்'. இன்னிக்கு வரைபட சாஃப்ட்வேரில் நீங்க க்ளிக் பண்ற 'ஸ்ப்லைன்' டூலுக்குப் பேர் வந்தது அங்கிருந்துதான்.

எப்படி வரையணும்?

லிப்ரேகேட் போன்ற இலவச சாஃப்ட்வேரே போதும். கயாக் பிளானில் ஓர் அளவு அட்டவணை இருக்கும். படகைக் குறிப்பிட்ட இடைவெளியில் குறுக்கே நறுக்கினால், ஒவ்வொரு இடத்திலும் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று அது சொல்லும். அந்தப் புள்ளிகளை ஸ்ப்லைனால் இணைங்க. பாதிப் படகு வரைந்தால் போதும், மறுபாதிக்கு 'மிரர்' இருக்கு.

ஸ்க்ரீனை நம்பாதீங்க

5 மீட்டர் படகு உங்க ஸ்க்ரீனில் ஒரு ஜாண்தான். 3 மி.மீ மேடு கண்ணுக்கே தெரியாது. ஆனா, வார்னிஷ் அடிச்ச படகில் பளிச்சுனு தெரியும். அந்தக் காலத்தில் தரையில் குனிந்து, கோட்டின் ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் பார்ப்பார்கள். நீங்க படத்தைக் காப்பி எடுத்து, நீளத்தை மட்டும் பத்தில் ஒரு பங்காகச் சுருக்குங்க. மேடு பள்ளம் தானா வெளியே வரும்!

அடுத்தது, பலகையின் தடிமன். அட்டவணை படகின் வெளிப்பக்க அளவைச் சொன்னால், உள்ளே நிற்கும் அச்சுச் சட்டத்தை அந்தத் தடிமன் அளவுக்குச் சுற்றிலும் குறைக்கணும். 6 மி.மீ பலகைக்கு இதை மறந்தால், படகு 12 மி.மீ அகலமாகிடும்.

அந்த 3% தப்பு

பி.டி.எஃப்-ஐ பிரின்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' ஆன்ல இருந்தா, படம் சத்தமில்லாம 97% ஆகலாம். 56 செ.மீ அகலம் 54.3 ஆகிடும். அகலம், உயரம் இரண்டும் குறைவதால், குறுக்குவெட்டின் பரப்பு 6% போச்சு. 120 கிலோ சுமைக்கு வரைந்த படகு, அதே நீர்க்கோடு வரை அமிழும்போது சுமார் 113 கிலோவைத்தான் தாங்கும். மீதி 7 கிலோவுக்குப் படகு இன்னும் தாழும். குறுகியதால் ஆட்டமும் கூடும். இதை வீட்டில் யாரும் கவனிக்க மாட்டாங்க. தண்ணி கண்டுபிடிச்சிடும்!

தீர்வு ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு பக்கத்திலும் 100 மி.மீ சதுரம் ஒண்ணு வரைங்க. 'ஆக்சுவல் சைஸ்'ல பிரின்ட் எடுங்க. ஸ்டீல் ஸ்கேலால் சதுரத்தை நீளம், அகலம் ரெண்டு பக்கமும் அளங்க. 100 இருந்தா மட்டும் மரத்தில் ஒட்டுங்க.

முதல் மிதப்பு இடுப்பளவுத் தண்ணியில், லைஃப் ஜாக்கெட்டோட, கூட ஒருத்தரை நிறுத்திக்கிட்டு மட்டும்தான். ஓகேவா?